நம்பர் கொடுத்தால்தான் சொட்டு இறங்கும்

முதல் நாள் அவர் என் பெயரைக் கேட்கவில்லை. நடு நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பி, "இருமல் இருக்குதா சார்?" என்றுதான் கேட்டார்.

"இல்லீங்க."

"சளி, ஜுரம்? வூட்ல யாருக்குனா?"

"யாருக்கும் இல்லீங்க."

"அப்ப நம்பர் சொல்லுங்க."

என் கைபேசி எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். நான்காவது இலக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ்ளோ வேணாம். ரெண்டு இலக்கம் போதும். மனசுக்குத் தோணினத சொல்லுங்க."

ஏன் என்று தெரியாமலே நாற்பத்தொன்று என்றேன். "நாப்பத்தொண்ணு" என்று திருப்பிச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தன்னுடைய எண்ணை எனக்குக் கொடுத்தார். எழுபத்தாறு. நான் சும்மா இருந்தேன். "திருப்பிச் சொல்லணும் சார்" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகுதான் முகம் தெளிந்து, "எந்த ஊரு உங்களுக்கு?" என்று விசாரித்தார்.

இது விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் நடந்தது. நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏரி நிரம்பிய நாள், மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் முதல் மூட்டை வந்த நாள், சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எப்போது தேர் என்று எதையும் கிழமையோடு குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் குறிப்புகளின்படி அந்த அறையில் அவரும் நானும் பதினோரு புதன்கிழமைகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். எட்டு வாரத்துக்கு ஒரு புதன். அவர் திண்டிவனத்துக்காரர். இப்போது அங்கே இல்லை. மகளோடு இருக்கக் காட்பாடிக்குப் போய்விட்டார்.

எங்கள் நோய்கள் வேறு, மருந்து ஒன்று. எனக்கு முதுகெலும்பு விறைத்துக்கொண்டே வரும் வியாதி. அவருக்கு முடக்குவாதம். இரண்டிலும் உள்ளே நடப்பது ஒரே கூத்துதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இந்த மருந்து அதை அடக்கி வைக்கும். அடக்கினால் மூட்டு பிழைக்கும். ஆனால் வெளியிலிருந்து கிருமி வந்தால் எதிர்த்து நிற்க ஆள் குறைவு. அதனால்தான் தொடங்குவதற்கு முன்பே காசநோய் ஒளிந்திருக்கிறதா, கல்லீரலைத் தாக்கும் கிருமி இருக்கிறதா என்று ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மருந்தைக் கலப்பதற்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்பார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, ஆறாத புண் உண்டா, புதிதாக ஏதாவது தடுப்பூசி போட்டீர்களா, ஆபரேஷன் ஏதாவது வருகிறதா. மற்ற நோயாளிகளான நாங்கள் எல்லாவற்றுக்கும் மொத்தமாகத் தலையாட்டிவிட்டுக் கைபேசியைப் பார்ப்போம். அவர் மட்டும் அதை ரயில் வருகிற விஷயமாக எடுத்துக்கொண்டார்.

காரணம், அவர் ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்தவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு கேட்டில் தன் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். அந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு, வண்டி வருகிறது, கேட்டை மூடு என்பார். இவர் மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள ரகசியத் தாளிலிருந்து ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்வார். மாஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு, தன் தாளிலிருந்து ஓர் எண்ணைக் கொடுப்பார். இருவர் பதிவேட்டிலும் ஏறிய பிறகுதான் சிக்னல் இறங்கும். ஒருமுறை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும்.

"மூடிட்டேன்னு வாயால யார் வேணா சொல்லலாம் சார்" என்பார். "தூக்கத்துல கூட சொல்லலாம். நம்பர் சொல்லணும்னா எழுந்து வெளக்கப் போட்டு, தாளப் பாக்கணும். பாத்துட்டா அப்புறம் பொறுப்பு என் தலைல."

ஓய்வு பெற்றதும் ரயில்வே அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பழக்கத்தை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது.

ஆகவே அந்த அறையில் சொட்டு இறங்க வேண்டுமென்றால் நம்பர் மாற வேண்டும். சிஸ்டர் குப்பியைக் கொண்டுவந்து பெயர், அளவு, லாட் எண், காலாவதி மாதம் நான்கையும் படிப்பார். அவர் நான்கையும் திருப்பிப் படிப்பார். சிஸ்டர் ஒரு எண் சொல்வார், அவர் ஒரு எண் சொல்வார். தனக்கு ஒரு தாள் எழுதிக்கொண்டு, சிஸ்டருக்கென்றும் ஒரு தாள் தயாரித்துக் கொடுத்திருந்தார். அது மருந்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. தாளில் இருந்த எண்கள் அத்தனையும் அவர் மனைவி வாயிலிருந்து வந்தவை. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம், "மனசுக்குத் தோணுற நம்பரா சொல்லிக்கினே இரு" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

"கல்யாணம் ஆன நாளா இந்த ஆளு எங்கிட்ட நல்ல வார்த்தை ரெண்டு கேட்டதில்ல" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். "நூறு நம்பர் கேட்டுக்கினாரு. எடுத்த மல்லாட்ட தீர்ற வரைக்கும் சொன்னேன். கடைசில கோவத்துல சொன்ன நம்பரெல்லாம் தொண்ணூத்துக்கு மேலதான் இருக்கும், வேணும்னா பாருங்க."

பார்த்தேன். தாளின் கடைசி வரி முழுக்கத் தொண்ணூறுகள்.

டாக்டருக்குத் தாள் கிடையாது. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஒருமுறை அவர் ஐம்பத்திரண்டு என்று சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், "டாக்டர், போன தடவையும் அம்பத்திரெண்டுதான் குடுத்தீங்க. அது அடிச்சாச்சு" என்று இவர் பிடித்துக்கொண்டார். அறை வாசலில் நோயாளிகள் வரிசையில் நிற்க, டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, யோசித்து, புதிதாக ஓர் எண் சொல்ல வேண்டியிருந்தது. இதையெல்லாம் மற்றவர்கள் பேஜாரு என்றார்கள். ஆனால் ஒரு நாள் லாட் எண்ணைத் திருப்பிப் படிக்கும்போதுதான், பக்கத்து வார்டு நோயாளிக்கு வந்த குப்பி எங்கள் தட்டில் இருந்தது தெரிந்தது. சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் கேட்பதற்கு முன்பே சிஸ்டர் நம்பர் சொல்லத் தொடங்கினார்.

மருந்தை அவர் திண்டிவனத்திலிருந்து தானே கொண்டுவந்து சிஸ்டரிடம் கொடுப்பார்; அதனால்தான் லாட் எண் அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே ஒரு மருந்துக் கடையில் சொல்லி வைத்து வரவழைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பேருந்தில் வருவார். குளிர் வேண்டும், ஆனால் உறைந்தால் மருந்து வீண் என்பதால் ஐஸுக்கும் குப்பிக்கும் நடுவே அட்டை வைத்திருப்பார். இதுவரை சரி. மருந்தைக் குலுக்கக் கூடாது என்று சிஸ்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். சிஸ்டர் சொன்னது தண்ணீர் விட்டுக் கலக்கும்போது. அவர் அதைச் சாலைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

பேருந்து வேகத்தடையை நெருங்கும்போதெல்லாம் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நிற்பார். தன் முழங்கால் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும், மருந்து ஆடாது என்பது கணக்கு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே எங்கெங்கே குண்டு குழி என்று மனப்பாடம். எழுந்து நிற்கும்போதெல்லாம் இறங்கப் போகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார், வண்டி நிற்கும், அவர் உட்கார்ந்துவிடுவார்.

"பெரியவரே, எறங்குறீங்களா இல்லியா?"

"எறங்கல. நீ எதுக்கு விசில் ஊதின? நான் நம்பர் குடுத்தனா?"

நான் ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். குப்பியில் இருப்பது தூள். தண்ணீர் விடும்வரை அதற்கு ஆட்டம் ஒன்றும் செய்யாது. சிஸ்டரும் ஆமாம் என்றார். அவர் பெட்டியின் மூடியைத் தடவினார்.

"தூளுன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா நான் உக்காந்துக்கினு அது குதிச்சா, அப்புறம் மருந்து வேல செய்யலன்னா, எனக்கு அந்தக் குதிதான ஞாபகத்துக்கு வரும்?"

அடுத்த எட்டு வாரத்துக்குப் பிறகும் நின்றபடியேதான் வந்தார்.

வீட்டிலும் இதே கதை. வாசல் கேட்டில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு அடித்த தகரம் ஒன்று தொங்கும். வீட்டில் யாருக்காவது சளி என்றால் சிவப்பு. ஒரு தீபாவளிக்கு வந்த மருமகன் வாசலில் ஒரு தும்மல் போட்டார். மாமனார் கேட்டைச் சாத்திவிட்டார். தலைதீபாவளி மருமகன் பக்கத்து வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அங்கேயே இட்லி சாப்பிட்டு, கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதுத் துணியைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு போனார். "மாமா, அது மொளகாப் பொடி நெடி" என்று மருமகன் கெஞ்சியதற்கு, "இருக்கலாம் மாப்ள. நம்பர் குடுங்க" என்றாராம். மாப்பிள்ளை கோபத்தில் கொடுக்கவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். குறிப்பில் ஐந்தாவது புதன். மருந்து ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கழுத்தில் அரிப்பு. முகம் சூடாகிற மாதிரி இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து அரிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நெஞ்சு இறுக்குவது போல் வந்தது. அதையும் குறித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. திடீரென்று பக்கத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. அவர் ஒரு கையில் சொட்டு ஊசியோடு எழுந்து நின்று, பையிலிருந்து எடுத்த சிவப்புக் கொடியை வராந்தாப் பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்து கூப்பிடவில்லை. கொடி இருக்கும்போது கத்துவது விதியில் இல்லை போலும்.

சிஸ்டர் ஓடிவந்து குழாயை மூடினார். டாக்டர் வந்தார். ஏதோ ஊசி போட்டார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, சொட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். அரிப்பு வந்த உடனே சொல்ல வேண்டாமா என்று டாக்டர் என்னைத் திட்டினார். நான் நோட்டைக் காட்டினேன். அவர் இன்னும் கொஞ்சம் திட்டினார்.

"கொடி எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு?" என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"வேல செய்யிற எடத்துக்குக் கொடி இல்லாம போறதா?" என்றார். ரயில்வே கொடி இல்லையாம் அது. டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்தது.

இனி அவருடைய வேண்டுதலைச் சொல்ல வேண்டும். அவரை நினைத்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மருந்து தொடங்குவதற்கு முன்னால் அவர் நிலைமை மோசமாக இருந்திருக்கிறது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும். கழிவறையிலிருந்து எழ ஆள் கூப்பிட வேண்டும். அந்த நாட்களில், விழுப்புரம் மாவட்டத்து வல்லம் பக்கத்திலுள்ள தன் சொந்த ஊரில், திரௌபதி அம்மன் கோயில் வாசலில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தபோது வேண்டிக்கொண்டார். என்னைத் தானாக நடக்க வைத்தால் உன் குண்டத்தில் தீ மிதிக்கிறேன். அதற்குப் பிறகுதான் யாரோ இந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார்கள். மருந்து பிடித்துக்கொண்டது. அவர் நடந்தார். அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள். இனி அவர் பங்கு.

அந்த ஊரில் பதினெட்டு நாள் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் மாலை தீ மிதிப்பார்கள். கொடியேற்றத்தன்று ஒரு பெண்மணி மீது அம்மன் இறங்கும். உறவில் அவருக்குத் தங்கை முறை. மற்ற நாட்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த வருஷம் கொடியேற்றத்தில் நடந்ததை அவரும் சொன்னார், அவர் மனைவியும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

"தாயே, வேண்டுதல் இருக்குது. எறங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"எறங்குடா மவனே. நான் இருக்கேன்."

"நம்பர் சொல்லு தாயே."

உடுக்கை நின்றுவிட்டது.

"இன்னாடா நம்பரு?"

"ரெண்டு இலக்கம் தாயே. எழுதிக்கணும்."

அம்மன் சிவந்த கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள். வேப்பிலைக் கொத்தால் தலையில் ஓங்கி ஒரு அடி. பிறகு, "பதினெட்டு" என்றாளாம். அவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு, "என் நம்பர் அறுபத்தி மூணு. நீயும் சொல்லணும் தாயே" என்றிருக்கிறார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மன் அறுபத்து மூன்று என்று திருப்பிச் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் புதன்கிழமை வந்தது. தீமிதிக்கு ஒன்பது நாள் இருந்தது. சிஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"காய்ச்சல், இருமல்?"

"இல்ல. முப்பத்தி நாலு."

"புண்ணு, கொப்புளம்?"

"இல்ல. எண்பத்தி ஏழு."

"வர்ற நாள்ல ஆபரேஷன், பல்லு புடுங்கறது மாதிரி எதுனா இருக்குதாப்பா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்திருப்பேன். அவர் தன் தாளைப் பார்த்தார். எந்த எண்ணையும் படிக்கவில்லை.

"தீ மிதிக்கணும் சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் பேனாவை மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். குப்பி குளிர்பெட்டியிலேயே இருந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, இன்னிக்கு மருந்து போட்டா தீ கூடாது. உங்க உடம்புல காவக்காரனத் தூங்க வச்சிருக்கோம். உள்ளங்கால்ல சின்னக் கொப்புளம் வந்தா மத்தவங்களுக்கு ஆறிடும். உங்களுக்குச் சீழ் புடிச்சு ரத்தத்துல ஏறிடலாம். உசுருக்கே ஆபத்து."

"சரி டாக்டர். அப்ப இன்னிக்கு மருந்து வேணாம். மிதிச்சுட்டு வந்து போட்டுக்கறேன்."

"போன தடவ போட்டதே இன்னும் உள்ள கொஞ்சம் இருக்கும். அப்பவும் ஆபத்துதான். அதோட இன்னிக்கு விட்டா ஒன்பது நாள்ல முட்டி மறுபடி புடிச்சுக்கலாம். நடக்க முடியாது."

"நடந்தாதான டாக்டர் மிதிக்க முடியும்?"

"ஆமா."

"மருந்து போட்டாதான நடக்க முடியும்?"

"ஆமா."

"மருந்து போட்டா மிதிக்கக் கூடாது."

"கூடாது."

"அப்ப எப்பதான் மிதிக்கறது?"

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்தார். மூன்றாவது நாற்காலியில் இருந்த கோட்டக்குப்பத்துப் பாய், "அதானே?" என்றார்.

கேட்கீப்பர் நோட்டைப் புரட்டி டாக்டரிடம் காட்டினார். "அவ பதினெட்டு குடுத்துட்டா. நீங்களும் ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

"குடுக்க மாட்டேன்."

அந்த அறையில் டாக்டர் எண் கொடுக்க மறுத்தது அது ஒருமுறைதான். இவர் பதினெட்டு என்று எழுதிய பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். மனைவி சுவரோரம் நின்று, பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். நம்பரைப் பற்றியும் தகரத்தைப் பற்றியும் கேலி பேசுகிற அந்த அம்மாள் அப்படிப் பயந்து நான் பார்த்தது அதற்கு முன் இல்லை. சாமிக்குச் சொன்ன வாக்கைக் கணவர் மீறமாட்டார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். தீயில் இறங்கினால் என்ன ஆகும் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லியிருந்தார்.

கடைசியில் அவர் நோட்டை மூடினார். "ரெண்டு ஸ்டேஷனும் ஒத்துக்கினாதான் வண்டி. ஒரு பக்கம் இல்லன்னா நிக்கணும். அது பொதுவான விதி" என்றார். சிஸ்டரைப் பார்த்து, "மிதிக்க மாட்டேன். இருபத்தொம்போது" என்றார். சிஸ்டர் திருப்பிச் சொன்னார். குப்பி வெளியே வந்தது.

மருந்து ஏறி முடிந்து, எப்போதும்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "டாக்டர்கிட்ட நம்பர் குடுத்துட்டேன் சார். அவகிட்ட யார் சொல்றது?"

அந்தத் தீமிதியைக் குறித்துக்கொள்ளலாம் என்று நானும் போனேன். அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலையில் களிமண் துரியோதனனைப் படுக்க வைத்து, பாரதப் போரின் கடைசி அங்கமான படுகளம் முடிந்திருந்தது. மதியத்திலிருந்தே குண்டத்தில் கட்டை எரிந்து, மாலையில் தணலைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். காப்புக் கட்டிய சனம் மஞ்சள் துணியில் குளத்தங்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் வெள்ளை வேட்டியில், குண்டத்தின் தலைமாட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஒரு வாரத்துக்கு முன்பே காப்புக் கட்டியிருந்தார். ஏதோ வேண்டுதல் என்று மட்டும் சொன்னாராம்.

உறவுக்காரர்கள் சும்மா விடவில்லை.

"இன்னா மச்சான், கேட்டு சாத்தியாச்சா?"

"வண்டி லேட்டா மாமா? எந்த ஸ்டேஷன்ல நிக்குது?"

"பொண்டாட்டி மஞ்சப் பொடவ. இவரு வெள்ள வேட்டி. நல்லா இருக்குதுய்யா ஜோடி."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இருமல் இருக்கிறதா என்றுகூட என்னைக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பம்பை முழங்க, கரகம் வந்தது. அதற்கு முன்னால் அம்மன் இறங்கிய அந்தப் பெண்மணி தலைவிரி கோலமாக வந்தார். கூட்டம் விலகியது. நேரே அவரிடம் வந்து நின்றார்.

"எறங்குடா! பதினெட்டு குடுத்தேனே!"

பம்பை நின்றது. அவர் மனைவி மஞ்சள் புடவையில் மூன்று ஆள் தள்ளி நின்றார். அந்த முகத்தை நான் குறிப்பில் எழுதவில்லை, எழுதத் தெரியவில்லை.

அவர் கை கூப்பினார்.

"குடுத்த தாயே. இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பக்கம் ஸ்டேஷன் ஒத்துக்கல."

யாரோ ஒருவர் கொல்லென்று சிரித்து, பக்கத்திலிருந்தவரிடம் குட்டு வாங்கினார். அம்மன் கை கூப்பி நின்றவரை முறைத்தாள். வேப்பிலை உயர்ந்தது. அப்படியே நின்றது. நூறு நாள் வேலையில் மேஸ்திரியின் கணக்கைக் கேட்டு யோசிக்கிற முகம் ஒரு கணம் வந்து போனதாக எனக்குத் தோன்றியது. சத்தியம் செய்ய மாட்டேன்.

"அப்ப நில்லு" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பித் தணலில் இறங்கி மறுபக்கம் போய்விட்டாள். பின்னாலேயே கரகமும் மற்றவர்களும் இறங்கினார்கள்.

அவர் நின்றார். கையைக் கூப்பியபடியே நின்றார். ஒவ்வொருவராக அவரைத் தாண்டித் தீயில் இறங்கினார்கள். கேலி பேசிய மச்சான் இறங்கினார். மாமா என்று கூப்பிட்டவர் இறங்கினார். பிறகு அவர் மனைவி இறங்கினார். தலையை நிமிர்த்திக்கொண்டு, மாட்டைத் தேடிப்போகிற மாதிரி வேகமாக நான்கு எட்டு. அந்தப் பக்கம் சூடு ஆறத் தோண்டியிருந்த பால் குழியில் காலை வைத்துவிட்டு நின்றார். கணவர் அப்போதுதான் கையை இறக்கினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு, குண்டத்தைச் சுற்றி, ஓடினார் என்றே சொல்ல வேண்டும். முடக்குவாதக்காரர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். என்னால் அவர் பின்னால் ஓட முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் கோயில் மதிலோரம் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மனைவியின் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற வருகிற சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. அந்த அம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"வுடுங்க. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அந்தக் கால நீட்டு."

நான் அந்த அம்மாளிடம், "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டேன். கணவரைப் பார்த்தார். அவர் இடது பாதத்தில் மும்முரமாக இருந்தார்.

"இந்த மனுசன் தீயில எறங்காம நீதான் நிறுத்தணும்னு கேட்டுக்கினேன். நிறுத்திட்டா நான் எறங்குறேன்னு சொன்னேன்."

பாதத்தைப் பிடித்திருந்த கை நின்றது. அவர் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார்.

"எப்ப கேட்ட?"

"நீங்க பதினெட்டு வாங்கிக்கினு வந்தீங்க இல்ல, அன்னிக்கே. நீங்க வெளிய வந்தீங்க, நான் உள்ள போனேன்."

"நம்பர் குடுத்தாளா?"

"வாய மூடிக்கினு தண்ணி ஊத்துங்க, எரியுது."

அவர் தண்ணீர் ஊற்றினார்.